காலி நாற்காலிகளின் கதை: தோணிரேவும் ரிப்பன் மாளிகையும்

நண்டும் இறாலும் வாங்கப் பழவேற்காடு போய்வருகிறவர்கள் நம் குடியிருப்பில் பலர் உண்டு. ஏரிக்கரையில் உள்ள மீனவர் ஊர்களில் ஒன்றின் பெயர் தோணிரேவு. ‘ரேவு’ என்றால் தெலுங்கில் துறை. தமிழில் சொன்னால் தோணித்துறை. இரண்டு மொழிகள் கலந்த கரையோரத்துக்குப் பொருத்தமான பெயர்தான்.

தோணிரேவு ஒரு கிராமம். நாம் இருப்பது மாநகராட்சி. அங்கே கிராம ஊராட்சி, இங்கே 200 வார்டுகள் கொண்ட மாமன்றம். ஆனாலும் தெருவிளக்கு எரிய வேண்டும், குடிநீர் வர வேண்டும், மழைநீர் வடிய வேண்டும் என்பது இரண்டு இடத்துக்கும் பொது. அதற்கு எவ்வளவு பணம், எந்தத் தெருவுக்கு முதலில், யார் முடிவு செய்வது என்ற கேள்வியும் பொதுதான். இந்தக் கேள்விக்கு நம் பகுதியில் 400 ஆண்டு வரலாறு இருக்கிறது.

பாடு என்னும் முறை

பழவேற்காட்டு மீனவர்களிடம் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. முகத்துவாரத்துக்கு அருகே மீனும் இறாலும் நன்றாகக் கிடைக்கும் இடங்களில் எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும். எனவே உரிமையுள்ளவர்கள் கூடி முறை வகுத்துக்கொள்கிறார்கள். இன்று இவருக்கு இந்த இடம் என்றால் அடுத்த முறை அது வேறொருவருக்கு. சீட்டுப் போட்டு வரிசை வைப்பதும் உண்டு. ஊர்த் தலைவர்கள் முன்னிலையில் முடிவானதை யாரும் மீறுவதில்லை.

அதன் குறையையும் சொல்ல வேண்டும். பாட்டு உரிமை சில ஊர்களுக்கும் சில குடும்பங்களுக்கும் மட்டுமே. பிற்காலத்தில் ஏரியை நம்பி வந்தவர்களுக்கும், வேறு சமூகத்தாருக்கும் முறை கிடையாது. அதனால் தகராறுகளும் நடந்திருக்கின்றன. முறை பிரிக்கும் கூட்டத்தில் இடம் இல்லாதவருக்கு ஏரியிலும் இடம் இல்லை. எந்த மன்றத்துக்கும் பொருந்தும் பாடம் இது.

பழவேற்காடு தள்ளிவிட்டதால் பிறந்த சென்னை

டச்சுக்காரர்கள் 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரை வணிகத்துக்கு அதுவே அவர்களின் தலைநகர். ஆங்கிலேயர்களும் அங்கே கடைவிரிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. வடக்கே ஆர்மகான் என்று அவர்கள் அழைத்த துர்க்கராஜபட்டினத்துக்குப் போனார்கள். அங்கும் வணிகம் சரிப்படாமல், 1639-இல் பிரான்சிஸ் டே தெற்கே வந்து பிடித்த மணல்மேடுதான் மதராஸ். பழவேற்காட்டில் இடம் கிடைத்திருந்தால் நம் நகரத்தின் கதையே வேறாக இருந்திருக்கும்.

மதராஸ் வளர்ந்தது, செலவும் வளர்ந்தது. 1680-களில் கம்பெனி ஆளுநர்கள் வீட்டு வரி போட்டார்கள். மக்கள் கொதித்தார்கள், கடைகளை அடைத்தார்கள். லண்டனில் கம்பெனியை நடத்திய ஜோசயா சைல்டு ஒரு கணக்குப் போட்டார். மேலிருந்து சுமத்தினால் சிறு தொகைக்கும் முணுமுணுக்கும் மக்கள், தங்கள் ஆட்களே கூடி விதித்தால் அதைவிடப் பெரிய தொகையையும் மனமுவந்து கட்டுவார்கள் என்பது அவர் வாதம். அதன் விளைவாக 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனப்படி, 1688 செப்டம்பர் 29 அன்று மதராஸ் மாநகராட்சி தொடங்கியது. ஒரு மேயர், 12 ஆல்டர்மேன்கள், 60 பர்ஜெஸ்கள். முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். ஆல்டர்மேன்களில் ஆங்கிலேயர் மட்டுமல்ல, போர்த்துகீசியரும் யூதரும் இந்துக்களும் இருந்தார்கள். நகர மண்டபம், பள்ளிக்கூடம், சிறைச்சாலை, சாக்கடை ஆகியவை வரிப்பணத்தில் அமைய வேண்டும் என்பது திட்டம்.

சைல்டு மக்களாட்சிக்காக இதைச் செய்யவில்லை, வரி வசூலாக வேண்டும் என்பதற்காகச் செய்தார். அதுவும் எதிர்பார்த்த அளவு வசூலாகவில்லை. ஆனால் வரியும் மன்றமும் சேர்ந்தே வர வேண்டும் என்ற எண்ணம் அன்றே இங்கு வேரூன்றிவிட்டது.

ஓர் அணாத் தீர்மானம்

பிறகு வந்த 200 ஆண்டுகளில் நகரத்தின் பெரிய பணிகள் பல நடந்தன. 1872-இல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. 1914-இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையமும் வடிகட்டிகளும் செயல்படத் தொடங்கின. 1913-இல் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. 1919-ஆம் ஆண்டுச் சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கு அதிக இடம் கொடுத்தது. வாக்கு சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே என்பதையும் மறக்கக் கூடாது.

அந்த மன்றத்தின் தலைவராக வந்தவர் பிட்டி தியாகராயர். 1920 செப்டம்பரில் ஒரு தீர்மானம் வந்தது. ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கலாம், செலவு ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் சாரம். பசியோடு வரும் குழந்தைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்பதே காரணம்.

பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் போனது. ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 1922-23-இல் 811-ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25-இல் 1,671 ஆனது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக் கூடாது என்று மேலே இருந்த அரசு மறுத்ததால் 1925 ஏப்ரல் 1 அன்று திட்டம் நின்றது. 1927-இல் மீண்டும் தொடங்கியது. பின்னாளில் காமராசர் மதிய உணவைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டுசென்றார், எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக விரிவாக்கினார், 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. இன்று பழவேற்காட்டுப் பக்கத்து அரசுப் பள்ளியில் ஒரு குழந்தை தட்டோடு உட்காருகிறது என்றால், அதன் வேர்களில் ஒன்று ரிப்பன் மாளிகையில் நிறைவேறிய ஓர் அணாத் தீர்மானம்.

கவுன்சிலர் என்பவர் தன் வார்டின் நிலையை நேரில் பார்க்கிறவர். ஒரு பள்ளியில் செய்து பார்க்கலாம் என்று சொல்ல அவரால் முடியும். ஒரு மன்றத்தால் நாட்டுக்கு ஆகும் நன்மை இதுதான்.

23 ஆண்டு வெற்றிடம்

1973 டிசம்பரில் மஸ்டர் ரோல் ஊழல் புகாரைத் தொடர்ந்து சென்னை மாமன்றம் கலைக்கப்பட்டது. வேலைக்கே வராத ஆட்களின் பெயரில் கூலி எழுதியது என்பதுதான் புகார். நடவடிக்கை தேவைதான். ஆனால் தவறு செய்தவர்களை நீக்கிவிட்டுப் புதிய மன்றத்தைத் தேர்ந்தெடுப்பது வேறு, மன்றமே இல்லாமல் இருப்பது வேறு. அடுத்த தேர்தல் 1996 அக்டோபரில்தான் நடந்தது. 23 ஆண்டுகள் தனி அலுவலர்களே நகரத்தை நடத்தினார்கள்.

அந்த இடைவெளியில் நடந்ததைக் கவனியுங்கள். 1974-இல் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. சட்டப்படியான அமைப்பானது. நகரத் திட்டமிடல் அங்கே போனது. 1978-இல் மெட்ரோ வாட்டர் உருவானது. 1872 முதல் நகருக்கு வந்துகொண்டிருந்த குடிநீரும், கழிவுநீரும் மாநகராட்சியின் கையைவிட்டுப் போயின. இரண்டு அமைப்புகளும் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. பெருநகருக்குப் பெரிய அமைப்புகள் வேண்டும். ஆனால் ‘எங்கள் வார்டு மக்கள் குடிநீர் பற்றி யாரிடம் கேட்பது?’ என்று எழுந்து கேட்க ரிப்பன் மாளிகையில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. 1996-இல் நாற்காலிகள் நிரம்பின, போன துறைகள் திரும்பவில்லை. இன்று நம் குடியிருப்புக்குக் குடிநீர் வரவில்லை என்றால் ஓரிடம், சாலையைத் தோண்டிவிட்டு மூடவில்லை என்றால் வேறிடம், கட்டட அனுமதிக்கு இன்னோர் இடம் என்று அலைகிறோமே, அதன் தொடக்கம் இங்கேதான்.

இரண்டாவது வெற்றிடம் நமக்கே நினைவிருக்கும். 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடையில் 2018-இல் சொத்து வரி உயர்த்தப்பட்டது, 2019 நவம்பரில் அந்த உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. ஏற்றியது ஏன், நிறுத்தியது ஏன் என்று விவாதிக்க மன்றம் இல்லை. 2022-இல் புதிய மன்றம் வந்ததும் சொத்து வரி மீண்டும் உயர்ந்தது. அதுவும் முதலில் அரசாணையாக வந்து, பிறகுதான் மன்றத்தில் தீர்மானமானது. அரை ஆண்டுக்கு ஒருமுறை ரசீதைப் பார்த்துப் புலம்பும் நாம், சைல்டு 1680-களில் போட்ட கணக்கை நினைத்துப் பார்க்கலாம். நம் சார்பில் யாரும் பேசாமல் வரும் வரிதான் அதிகம் கசக்கிறது.

தோணிரேவின் இன்றைய நிலை

இப்போது தோணிரேவுக்குத் திரும்புவோம். திருவள்ளூர் மாவட்ட ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அந்த உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. அதற்கு முன்பே புதிய தேர்தல் நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை. ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் வந்தன. பதவிக்காலம் முடியும் முன் தேர்தல் நடத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் சொல்வது. பணத்திலும் இதற்கு விலை உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்கும் உள்ளாட்சிக்கே மானியம் என்பது 15-ஆவது நிதிக்குழு வைத்த நிபந்தனை.

பழவேற்காட்டு மக்களின் பெரிய கவலை முகத்துவாரம். கடலும் ஏரியும் சேரும் அந்த வாய் மணல் மேவி அடைபட்டால் படகு கடலுக்குப் போக முடியாது, ஏரிக்கு மீனும் இறாலும் வர முடியாது. மீனவர்களே பணம் திரட்டி மணலை அகற்றிய ஆண்டுகள் உண்டு. நிரந்தரத் தீர்வுக்காகச் சுமார் 27 கோடி ரூபாயில் மாநில அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. பறவைகள் சரணாலயப் பகுதி என்பதால் வனத்துறை, சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கும் காத்திருக்க நேர்ந்தது. இவ்வளவு பெரிய வேலையை ஓர் ஊராட்சியால் செய்ய இயலாதுதான். ஆனால் கோட்டைக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் போய் ஊரின் பெயரால் கேட்க, மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் வேண்டும். சென்னையில் 23 ஆண்டுகளில் நடந்தது அங்கேயும் நடக்கக் கூடாது.

அங்கே இன்னும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அது கிராம சபை. ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. மன்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஊர் வாக்காளர் யாரும் எழுந்து கணக்குக் கேட்கலாம்.

நமக்கும் அப்படி ஒன்று உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 2022-இல் வந்த விதிகளின்படி வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று முதல் பகுதி சபைகள் கூடின. அப்பகுதி வாக்காளர் எல்லோரும் அதில் உறுப்பினர். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் என்ற பேதம் அங்கே கிடையாது. சங்கப் பொதுக்குழுவில் வாக்கு இல்லாத வாடகைதாரர்களுக்கும் பகுதி சபையில் குரல் உண்டு. பாட்டு முறையில் விடுபட்டவர்களுக்குக் கிடைக்காத இடம் இது.

எனவே, அடுத்த பகுதி சபை எப்போது, எங்கே என்று நம் கவுன்சிலர் அலுவலகத்தில் கேட்டு அறிவிப்புப் பலகையில் போடும்படி சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பிளாக்குக்கு இரண்டு பேர் போனால்கூடப் போதும். நம் வார்டுக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கீடு, அதில் மழைநீர் வடிகாலுக்கு எவ்வளவு, எவ்வளவு செலவானது என்ற மூன்று கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லலாம். இம்முறை மன்றத்தில் நாற்காலிகள் காலியாக இல்லை. சபையில் நம் நாற்காலிகளும் காலியாக இருக்க வேண்டாம்.