ஜாமீன் என்கிற கூலி

சினிமாவில் கூலிக்குக் கொலை செய்பவன் வந்தால் முதலில் கைமாறுவது பணம்தான். மேஜைமேல் பெட்டி திறக்கும், நோட்டுக்கட்டு தெரியும். பாதி இப்போது, மீதி வேலை முடிந்ததும் என்று ஒரு பேச்சு நடக்கும். திண்டுக்கல் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தே தலை நரைத்தவன் நான். கொலைக் கேஸ் கட்டுகளைப் பிரித்து, நகல் எடுத்து, வாய்தா தேதி எழுதி, மறுபடி நூல் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். அந்தக் கட்டுகளில் அப்படிப்பட்ட பெட்டியை அதிகம் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் ஜாமீன் பத்திரம்தான். இரண்டு ஜாமீன்தார், வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு நகல், விஏஓ கையெழுத்துப் போட்ட சொத்துச் சான்று. இருபது வயதுப் பையன் அடிதடியில் உள்ளே போகிறான். பெற்றவர்களிடம் காட்டுவதற்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. அப்போது வெள்ளை வேட்டியில் ஒருவர் வந்து ஆள் கொடுத்து, பத்திரம் கொடுத்து அவனை வெளியே எடுக்கிறார். எதற்கு எடுத்தார் என்று அன்றைக்குக் கேட்க யாருக்கும் தோன்றாது.

இதைத் திரையில் அப்படியே வைத்த படம் ‘சுப்பிரமணியபுரம்’. 2008 ஜூலை 4 அன்று வெளிவந்தது. சசிகுமார் எழுதி, இயக்கி, தயாரித்து, பரமனாக நடித்தும் இருந்தார். ஜெய்தான் அழகர். கதை 1980-இல் மதுரையில் நடக்கிறது. அந்த மதுரையின் சாயலை எங்கள் திண்டுக்கல் தெருக்களிலும் படம் பிடித்தார்கள். அதில் ஒரு நியாயம் உண்டு. 1985 செப்டம்பர் 15 அன்று தனி மாவட்டம் ஆகும்வரை நாங்களும் மதுரை ஜில்லாதான்.

அழகரும் பரமனும் வேலை இல்லாத பையன்கள். குடித்துவிட்டுச் சண்டை போட்டு ஸ்டேஷனுக்குப் போவார்கள். முன்னாள் கவுன்சிலரின் தம்பி கனகு ஒவ்வொரு தடவையும் வந்து கூட்டிப்போவார். சமுத்திரக்கனி நடித்த பாத்திரம் அது. அண்ணனுக்குக் கிடைக்க வேண்டிய கட்சிப் பதவி வேறொருவருக்குப் போகிறது. கனகு இவர்களிடம் வந்து குடும்ப மானம் போச்சே என்று கலங்குகிறார். அவ்வளவுதான், வெட்டிவிடுகிறார்கள். ஒரு ரூபாய் பேரம் இல்லை. ஜெயிலுக்குப் போனபின் கனகு திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே பழகிய இன்னொருவர் ஜாமீனுக்கு ஏற்பாடு செய்கிறார். வெளியே வந்ததும் அந்த நன்றிக்காக இன்னொரு கொலை. இரண்டு கொலைக்கும் கூலி ஒன்றுதான், ஜாமீன். அந்தப் படத்தைப் பார்த்தபோது எங்கள் ஆபீஸ் அலமாரியை யாரோ திறந்து படித்துவிட்டு எழுதியதுபோல இருந்தது எனக்கு.

ஆளை வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்துக்குப் புதிது இல்லை. ஆனால் பழைய காலத்தில் ஆள் வைத்தது காவலுக்கு. என் தாத்தா வெள்ளோட்டுப் பக்கம் தோட்டக் காவல் இருந்தவர். கையில் வேல்கம்பு, இடுப்பில் அருவா. கூலி களத்துமேட்டிலேயே தானியமாக அளக்கப்படும். அவருக்கும் முந்திய தலைமுறைகளில் காவல் என்பது பரம்பரை உரிமை. ஊருக்கு ஒரு காவல்காரர் குடும்பம், அதற்கு அறுவடையில் பங்கு. மாடு களவுபோனால் கண்டுபிடித்துத் தர வேண்டியதும், தராவிட்டால் ஈடு கட்ட வேண்டியதும் அவர் பொறுப்பு. இதன் மறுபக்கமாகத் துப்புக்கூலி என்று ஒன்று உண்டு. மாடு எங்கே கட்டிக் கிடக்கிறது என்று துப்புச் சொல்ல, மாட்டின் விலையில் பாதிவரை கேட்பார்கள். காத்தவனுக்கும் களவாண்டவனுக்கும் நடுவிலே கோடு எங்கே என்று பல ஊர்களில் குடியானவனுக்குத் தெரியாது. கம்பெனி அரசு 1816-இல் ஒரு ரெகுலேஷன் போட்டு ஊர்க் காவலைக் கிராமத் தலைவர், தலையாரி கையில் கொடுத்தது. காகிதத்தில் பழைய காவல் அன்றோடு சரி. களத்துமேட்டில் இன்னும் எண்பது வருஷம் நடந்தது.

1896-இல் திண்டுக்கல் தாலுகாவில் அது வெடித்தது. அந்த நாளில் இப்பக்கம் காவல் பெரும்பாலும் கள்ளர் சமூகத்தார் கையில் இருந்தது. அதை எதிர்த்துக் குடியானவர்கள் ஒன்று திரண்டார்கள். முன்னின்றவர் அம்மையப்பக் கோன் என்று 1906-இல் வந்த மதுரை ஜில்லா கெசட்டியர் எழுதுகிறது. ஊர்தோறும் பணம் வசூலித்து ஒரு நிதி வைத்தார்கள். பண்டு என்பது அதற்குப் பெயர். மாடு பறிகொடுத்தவனுக்குப் பண்டிலிருந்து ஈடு, பண்டிலிருந்தே புதிய காவலாளுக்குச் சம்பளம். களவு நடந்தால் கொம்பு ஊத வேண்டும், சத்தம் கேட்டவன் எல்லாம் தடி எடுத்து ஓடிவர வேண்டும். திட்டம் என்ற அளவில் அது ஒரு கூட்டுறவு இன்சூரன்ஸ்தான், நல்ல யோசனை. ஆனால் அதோடு நிற்கவில்லை. காவல்காரர் குடும்பங்களை ஊரைவிட்டே விரட்டினார்கள், வீடுகள் எரிந்தன. பழனி, பெரியகுளம் தாலுகாக்களுக்கும் பரவியது. தலைமுறையாக ஓர் ஊரில் பிழைத்தவர்கள் பெண்டு பிள்ளைகளோடு வெளியேறினார்கள். குற்றம் செய்தவர் யார், செய்யாதவர் யார் என்று பிரித்துப் பார்க்க அங்கே கோர்ட் இல்லை.

அந்தப் பிரித்துப் பார்க்காத புத்தியைத்தான் அடுத்து சர்க்காரே சட்டமாக்கியது. 1871-இல் வடக்கே பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 திருத்தத்தோடு சென்னை மாகாணத்துக்கு வந்து, கள்ளர் சமூகத்தார் மேலும் பாய்ந்தது. பிறந்ததே குற்றம். கைரேகை கொடு, ராத்திரி ஸ்டேஷனில் வந்து படு. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் ஒழிந்தது. சீரமைப்பு என்று அன்றைக்குத் தொடங்கிய பள்ளிகள் எங்கள் மாவட்டத்தில் இன்றும் நடக்கின்றன, அவற்றில் படித்த வக்கீல்களிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன்: மதுரை மண், வீச்சருவா, ரத்தத்திலேயே வெறி என்று ஒரு படம் ஆரம்பித்தால் எனக்கு வயிறு எரியும். ஒரு பையன் அருவா எடுத்ததற்கு அவன் பிறப்பைக் காரணம் சொல்வது 1911-இன் போலீஸ் ரிஜிஸ்டர் பாஷை. ‘சுப்பிரமணியபுரம்’ அந்தப் பாஷை பேசவில்லை.

பழைய படங்களில் கூலிக்கு அடிக்கும் ஆளுக்கு முகமே கிடையாது. பண்ணையார் கை தட்டினால் கோடு போட்ட பனியன், கழுத்தில் கைக்குட்டையோடு நாலு பேர் ஓடிவருவார்கள், எம்.ஜி.ஆரிடம் அடி வாங்கிப் போவார்கள். அவர்களுக்கு வீடு உண்டா, ஜாமீன் எடுத்தது யார் என்பதெல்லாம் கதையில் இல்லை. அந்த எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்டு முதலில் ஜெயித்த தொகுதி எங்கள் திண்டுக்கல், 1973 மே இடைத்தேர்தல், மாயத்தேவர், இரட்டை இலை. அடியாளை அடித்து விரட்டும் ஒருவர் வேண்டும் என்ற ஆசை இந்த ஊருக்கு எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு அந்த ஓட்டும் ஒரு சாட்சி என்றே நினைக்கிறேன்.

திரையில் தெரிந்தது கூலிக்காரன் மட்டும். ஆனால் அதற்கும் முன்பே, கூலி கொடுத்ததாகச் சொல்லப்பட்டவரே சினிமாவிலிருந்து கூண்டில் ஏறினார். 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் ‘இந்துநேசன்’ பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்திக்குத்துப் பட்டு, மறுநாள் இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதர்மீதும் என்.எஸ். கிருஷ்ணன்மீதும் கூட்டுச்சதிக் குற்றச்சாட்டு. தண்டனை விழுந்தது. பிரிவி கவுன்சில் வரை போய், மறுவிசாரணையில் 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை ஆனார்கள். சதி கேஸ் என்பது கையில் ரத்தம் இல்லாதவரைப் பற்றியது, அதனால் அதன் பாரமெல்லாம் சாட்சி மேல்தான். சதியில் இருந்து அப்ரூவராக மாறியவன் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்று வக்கீல்கள் இன்றும் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். அந்த வாதம் நடக்கும்போது ஹாலில் விசிறிச் சத்தம்கூட எனக்குக் கேட்காது.

வெளிநாட்டுப் படங்களில் கூலிக் கொலைகாரன் தனியாக வருவான். 1967-இல் மெல்வில் எடுத்த பிரெஞ்சுப் படத்தில் அலென் தெலோன் தொப்பியும் மேல்கோட்டுமாகப் பேசாமல் நடப்பார். அந்தச் சாயல் நமக்கும் வந்தது. 2006-இல் வந்த ‘பட்டியல்’ படத்தில் ஆர்யாவும் பரத்தும், 2013-இல் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ படத்தில் மிஷ்கினும் அந்த வகை. துப்பாக்கி, நகரம், இரவு. நல்ல படங்கள்தான். ஆனால் நான் கட்டிய கட்டுகளில் தனி ஆள் கிடையாது. ஐந்து பேர், ஆறு பேர், ஒரு ஆட்டோ அல்லது இரண்டு பைக். வழி காட்ட ஒருவன், நோட்டம் பார்க்க ஒருவன். ஆயுதம் தேங்காய் வெட்டவும் முள் வெட்டவும் வைத்திருக்கிற அருவா, அதற்கு லைசென்ஸ் கிடையாது.

கொலைக்குப் பிறகு நடப்பதைத்தான் படங்கள் அதிகம் காட்டுவதில்லை. வெளியூர் மாஜிஸ்திரேட் முன்னால் சரண்டர். போலீஸ் காவல். போலீசிடம் சொன்ன வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது, ஆனால் அதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால் அந்த அளவுக்குச் செல்லும். அதனால் பாழுங்கிணற்றிலிருந்தோ கண்மாய்க் கருவேலத்துக்குள்ளிருந்தோ அருவா எடுக்கப்பட்டதாக ஒரு மகஜர், அதில் விஏஓவும் தலையாரியும் கையெழுத்து. 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை. அதற்கு முன்பே வேண்டும் என்றால் செஷன்ஸ் கோர்ட், அப்புறம் ஹைகோர்ட். 2004 ஜூலையில் மதுரைக் கிளை வரும்வரை அதற்கு ராத்திரி பஸ் பிடித்து மெட்ராஸ் போக வேண்டியிருந்தது. அந்த பஸ் செலவுக்குப் பையனின் அம்மா தோட்டை அடகு வைப்பாள். அனுப்பியவர் தருவார் என்று நாலு நாள் வாசலில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வைப்பாள். வெளியே வந்தால் தினம் காலை பத்து மணிக்குக் கண்டிஷன் கையெழுத்து. அவன் எந்த நேரம் எங்கே நிற்பான் என்று எதிராளிக்கு அதுவே சொல்லிக் கொடுத்துவிடும். பழிக்குப் பழி கேஸ்களில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியிலேயே ஆள் விழுந்ததை நான் கட்டாகக் கட்டியிருக்கிறேன். ‘சுப்பிரமணியபுரம்’ ஜெயில் வாசல் கத்திக்குத்தில் ஆரம்பிப்பதை மிகை என்று சிலர் சொன்னபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை.

2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டம் வந்து பிரிவு நம்பர்கள் எல்லாம் மாறிவிட்டன. கொலைக்கு 302 என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இப்போது 103. கூட்டுச்சதி 120பி இப்போது 61. புதிய சட்டத்தின் 111-ஆம் பிரிவில், திட்டமிட்ட கூட்டுக் குற்றங்களின் வரிசையில், கூலிக்குக் கொலை செய்வது பேர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. உயிர் போயிருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள், குறைந்தது 10 லட்சம் அபராதம். ஆனால் அது பொருந்த, முந்திய பத்து வருஷத்தில் அந்தத் தரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை இருந்திருக்க வேண்டும். அழகரையும் பரமனையும் இதில் வைத்துப் பார்த்தேன். முதல் கொலை அன்று அவர்கள் மேல் இருந்ததெல்லாம் குடித்துவிட்டு அடித்துக்கொண்ட சில்லறைக் கேஸ்கள். 111 அவர்களைத் தொடாது. கனகுவைச் சேர்க்க வேண்டும் என்றால் பழைய தூண்டுதல் பிரிவும் சதிப் பிரிவும்தான். அதற்கு, அவர் வந்து கலங்கிய அந்த ராத்திரியில் கூட இருந்த யாராவது ஒருவர் கூண்டேறி அதைச் சொல்ல வேண்டும்.