ஸாஹிறா: இருமுறை விதைத்து ஒருமுறை முளைத்த பள்ளி

ஓங்கி நிற்கும் கட்டடங்களைக் கண்டு வியக்கும் நாம், அவற்றின் அடித்தளத்தில் புதைந்து கிடக்கும் தோல்விகளை எண்ணிப் பார்ப்பதில்லை. கொழும்பு மருதானைப் பள்ளிவாசலை அடுத்து எழுந்து நிற்கும் ஸாஹிறாக் கல்லூரிக்கும் அத்தகைய தோல்வி ஒன்று உண்டு. இலங்கை முஸ்லிம்களின் உயர்கல்விக்கு வாயில் திறந்துவிட்ட அக்கலைக்கூடம் முதல் முயற்சியிலேயே முளைத்து வந்ததன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷன்களின் கையில் இருந்தது. நீதிமன்றம், அரசாங்க அலுவலகம், மருத்துவம் ஆகிய அனைத்திற்கும் ஆங்கிலமே நுழைவுச் சீட்டு. ஆயினும் முஸ்லிம் பெற்றோர் தம் பிள்ளைகளை அப்பள்ளிகளுக்கு அனுப்ப அஞ்சினர். படிப்பு வருமுன் ஈமான் போய்விடுமோ என்பது அவர்களின் கவலை. அக்கவலையை நாம் அறியாமை என்று எளிதில் தள்ளிவிடலாகாது. அது மார்க்கப் பற்றில் பிறந்தது. ஆனால் அதன் விளைவு யாது? ஓதப்பள்ளியில் குர்ஆனை ஓதி முடித்த சிறுவன் நேரே கடைக்குச் சென்றான். வணிகம் வளர்ந்தது; சமுதாயம் பின்தங்கியது.

இதே இடர்ப்பாட்டைச் சைவர்களும் பௌத்தர்களும் எதிர்கொண்டனர். ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி கண்டார். பின்னாளில் ஆனந்தா கல்லூரியாக வளர்ந்த பௌத்தப் பள்ளி, கர்னல் ஆல்காட்டின் முயற்சியால் 1886இல் கொழும்பில் தோன்றியது. முஸ்லிம்களிடையே இத்தேவையை முதன்முதலில் உரக்க உரைத்தவர் கண்டியில் 1838இல் பிறந்த அறிஞர் முகம்மது காசிம் சித்திலெவ்வை ஆவார்.

அவர் ஒரு வழக்கறிஞர். ஆங்கிலம் கற்றதனால் ஈமான் குன்றிவிடவில்லை என்பதற்கு அவரே நடமாடும் சான்று. 1882ஆம் ஆண்டின் இறுதியில் 'முஸ்லிம் நேசன்' என்னும் வார இதழைத் தொடங்கி, அதன் வாயிலாகக் கல்வியின் இன்றியமையாமையை ஓயாது எழுதினார். 1885இல் அவர் வெளியிட்ட 'அஸன்பேயுடைய சரித்திரம்' தமிழின் தொடக்க கால நாவல்களுள் ஒன்று என்பதை நம் வாசகர்கள் அறிவர். எழுதியதோடு அமையாது, 1884இல் கொழும்புப் புதிய சோனகத் தெருவில் பள்ளி ஒன்றையும் திறந்தார். போதிய ஆதரவின்றி அப்பள்ளி நிலைக்காது போயிற்று.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். முதல் பள்ளி நிலைக்கவில்லை. எட்டாண்டுகள் கழித்துத் தோன்றிய பள்ளியோ நூறாண்டுகளைக் கடந்து நிலைத்தது. கருத்து ஒன்றே, கருத்துக்குரியவரும் ஒருவரே. மாறியது எது? அன்று பேனா தனித்து நின்றது. பின்னர் அதற்கு இரு துணைகள் வாய்த்தன.

முதல் துணை கடல் கடந்து வந்தது. 1882இல் தெல்-எல்-கபீர் போரில் ஆங்கிலேயரிடம் தோல்வியுற்ற எகிப்தியத் தலைவர் அஹ்மத் அராபி பாஷா, தம் தோழர் அறுவருடன் நாடு கடத்தப்பட்டு 1883 ஜனவரியில் கொழும்பு வந்து சேர்ந்தார். அவரிடம் செல்வமில்லை, படையுமில்லை. எனினும் இஸ்லாமியப் பெருமிதத்தின் சின்னமாக மக்கள் அவரைப் போற்றினர். ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட அம்மாவீரரே ஆங்கிலம் பயின்றார். பிள்ளைகளுக்குக் கல்வி தாருங்கள் என்றும் வலியுறுத்தினார். அதன் பின்னரும் தயங்குவது எவ்வாறு? சித்திலெவ்வையின் எழுத்தால் இயலாததை அராபி பாஷாவின் முன்னிலை இயற்றியது.

இரண்டாம் துணை மண்ணின் மைந்தர் வாப்பிச்சி மரைக்கார். 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையைக் கட்டி முடித்தவர் அவரே. அதற்குக் கைம்மாறாக யாது வேண்டும் என ஆளுநர் கிரிகரி வினவியபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலை மூடப்பட வேண்டும் என்று அவர் கேட்டதாகச் செவிவழிச் செய்தி ஒன்று வழங்குகின்றது. பட்டம் பதவி கேளாது ஜும்ஆவின் கண்ணியத்தைக் கேட்ட அந்த உள்ளமே பள்ளிக்கூடத்திற்கும் கட்டடம் தந்தது.

1892 ஆகஸ்ட் 22ஆம் நாள், மருதானைப் பள்ளிவாசல் வளாகத்தில் 'அல்-மத்ரஸதுஸ் ஸாஹிறா' திறக்கப்பட்டது. ஒளிர்வது, மலர்ந்து பொலிவது என்பது அப்பெயரின் பொருள். இடத்தின் பொருத்தத்தைக் காண்க. ஈமான் போய்விடுமோ என அஞ்சிய தந்தைக்குப் பள்ளிவாசலின் நிழலே விடையாயிற்று. வாதங்களால் நீங்காத அச்சம் பாங்கொலி கேட்கும் தொலைவில் வகுப்பறை அமைந்ததும் தளர்ந்தது. ஆண் மக்களோடு மட்டும் சித்திலெவ்வை நின்றுவிடவில்லை. கண்டியில் பெண் மக்களுக்கும் பள்ளி கண்டார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

தொடங்கி வைத்தவர்கள் நெடுநாள் உடனிருக்கவில்லை. 1898இல் சித்திலெவ்வை இறையடி சேர்ந்தார். 1901இல் அராபி பாஷா தாயகம் திரும்பினார். ஒளிரும் பெயர் பூண்ட பள்ளி உயர்நிலைக் கல்லூரியாக முழுவளர்ச்சி பெற, 1921இல் டி. பி. ஜாயா அதிபராகும் வரை காத்திருக்க நேர்ந்தது. அவர் மலாய் இனத்தவர். அதற்கு முன் பௌத்தர்களின் ஆனந்தா கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர். சோனகர் நிறுவிய பள்ளியை மலாயர் ஒருவர் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு மேல் வளர்த்தார் என்பது சமுதாய ஒற்றுமைக்கு ஓர் அழகிய சான்று.

அவருக்குப்பின் 1948இல் பொறுப்பேற்றவர் ஏ. எம். ஏ. அஸீஸ். யாழ்ப்பாணத்தில் பிறந்து இந்துக் கல்லூரியில் கற்று, இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம் அவர். அவ்வுயர் பதவியைத் துறந்தே பள்ளிக்கு வந்தார். 1961 வரை அவர் நடத்திய ஸாஹிறாவில் தமிழ் தழைத்தது, பேராசிரியர் கா. சிவத்தம்பி அங்குப் பயின்றவரே. பிற சமயத்தார் பள்ளியில் ஒளி பெற்றவர், தம் பள்ளியின் ஒளியைப் பிற சமயத்தார்க்கும் வழங்கினார்.

கல்வி வேண்டும் என்று எழுதுவோர் நம்மிடையே என்றும் உளர். அவ்வெழுத்துக்கு நிலம் தரும் பள்ளிவாசலும், கல் தரும் செல்வரும், பதவி துறந்து வரும் ஆசிரியரும் சேரும்போதே எழுத்து பள்ளிக்கூடமாகிறது. முதல் பள்ளி மூடப்பட்ட நாளில் சித்திலெவ்வை மனம் சோர்ந்து அமர்ந்திருப்பாராயின், ஸாஹிறா இல்லை. நம் ஊர்களில் தொடங்கி நின்றுபோன கல்வி முயற்சிகள் எத்தனை! அவற்றைத் தோல்வி என்று எழுதி மூடிவிடாமல், முதல் விதைப்பு என்று கொண்டு மீண்டும் விதைக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக! ஆமீன்.