டிப்பெக்ஸ் பூசாத இடாப்பு

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கம்பியூட்டர் படிக்கிற பிள்ளை இருந்தால் ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணை முடிவில் ஒரு தாய் மகளின் தேர்ச்சி அறிக்கையோடு வந்தார். எப்போதும் முதல் மூன்று இடங்களுக்குள் வரும் பிள்ளைக்கு இம்முறை பதினோராம் இடம். எக்செல்லில் புள்ளிப் பட்டியல் செய்தது நான்தான். திறந்து பார்த்தால், கடைசியாகச் சேர்த்த பாடம் கூட்டுத்தொகைச் சூத்திரத்துக்குள் வரவேயில்லை. அந்தப் பாடத்தில்தான் அவளுக்கு 94. இந்தப் பிழை எப்போது வந்தது? என் கணினியில் ‘மார்க்ஸ் பைனல்’, ‘மார்க்ஸ் பைனல் 2’, ‘புதிய பைனல்’ என்று மூன்று கோப்புகள். எதில் எப்போது என்ன மாற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு இரவு அதிலேயே போனது.

வரவு இடாப்பில் இப்படி நடக்காது. பிழைத்தால் ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் வைக்க வேண்டும். டிப்பெக்ஸ் பூசினால் அதிபர் விடமாட்டார். பழையதும் தெரியும், புதியதும் தெரியும், மாற்றியவரும் தெரியும். மென்பொருள் எழுதுகிறவர்களும் பட்டுத் தெளிந்து இந்த இடாப்புக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அந்த வரலாற்றில் நமது கரைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

மென்பொருள் பிழையை ஆங்கிலத்தில் ‘பக்’, அதாவது பூச்சி, என்பார்கள். 1947 செப்டம்பர் 9ஆம் திகதி ஹார்வர்டின் மார்க் 2 கணினிக்குள் ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டது. அதிலிருந்துதான் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வது சரியில்லை. எடிசன் காலத்திலேயே பொறியியலாளர்கள் அந்தச் சொல்லைப் பாவித்தார்கள். எனக்குப் பிடித்தது வேறு விடயம். அவர்கள் பூச்சியை எறிந்துவிட்டுப் போகவில்லை. நேரத்தைக் குறித்து, பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள்.

நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகவே பதிந்து வைக்கும் மென்பொருள் 1972இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்தது. 1986இல் டிக் குருன் என்பவர் சிவிஎஸ் என்ற ஒன்றைத் தொடங்கினார். பிறகு அது பலர் சேர்ந்து ஒரே நிரலில் வேலை செய்ய உதவும் கருவியாக வளர்ந்தது. நிரலின் சிறு சிறு துண்டுகளைத் தனித்தனியே சோதிக்கும் பழக்கம் பரவியது இன்னும் பிந்தி. கென்ட் பெக், எரிக் காமா இருவரும் 1997இல் ஒரு விமானப் பயணத்தில் எழுதத் தொடங்கிய ஜேயுனிட்தான் அதைப் பிரபலமாக்கியது.

இனி நமது கதை. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. குச்சவெளியில் அன்று எங்கே நின்றோம் என்பது யாருக்கும் மறந்திருக்காது. நாடு முழுவதும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். அலை வடிந்த பிறகு தொடங்கியது இன்னொரு துன்பம், பெயர்ப் பட்டியல்கள். முகாமில் ஒன்று, ஆஸ்பத்திரியில் ஒன்று. ஒன்று தமிழில், மற்றது சிங்களத்தில், இன்னொன்று ஆங்கிலத்தில். ஒரே ஆள் ஓரிடத்தில் முஹம்மது, இன்னோரிடத்தில் மொகமட். உயிரோடு இருப்பவரை வேறு பெயரில் தேடி அலைந்த குடும்பங்கள் எத்தனை!

அந்த நாட்களில் கொழும்பில் லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனைச் சேர்ந்தவர்களும் தொண்டர்களும் இரவு பகலாக உட்கார்ந்து ‘சஹானா’வை எழுதினார்கள். சிங்களத்தில் ‘சஹன’ என்றால் நிவாரணம். காணாமல் போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் என்று தனித்தனிப் பதிவேடுகள். எழுத்து வேறாக இருந்தாலும் உச்சரிப்பு ஒத்துப்போகும் பெயர்களைத் தேடும் வசதியும் அதில் வந்தது.

அவசரத்தில் எழுதிய நிரல் அந்த அவசரத்துக்கு உதவியது, ஆனால் அடுத்த அனர்த்தத்துக்கு அதையே தூக்கிக் கொடுக்க முடியாது. அதனால் 2005இல் அடியிலிருந்து மறுபடியும் எழுதினார்கள். நிரல் முழுவதும் சோர்ஸ்போர்ஜ் தளத்தில், சிவிஎஸ் பதிவேட்டோடு, யாரும் பார்க்கும்படி இருந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் பாகிஸ்தான் பூகம்பம், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, பிறகு ஜாவாவில் யோக்யகார்த்தா பூகம்பம். மூன்று இடங்களிலும் சஹானா வேலை செய்தது. 2006இல் சமூக நன்மைக்கான விருதை அமெரிக்காவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இதற்குத்தான் கொடுத்தது. முந்திய ஆண்டு அந்த விருதைப் பெற்றது விக்கிப்பீடியா!

இப்படியான ஒரு தேடலில் யாரோ ஒரு வரியை மாற்றினார் என்று வையுங்கள். முஹம்மதும் மொகமட்டும் இப்போது பொருந்துகிறது. ஆனால் நேற்றுவரை வேறு வேறாக இருந்த சலீமும் சலீமாவும் ஒரே ஆளாகிவிட்டார்கள். திரையில் பிழை எதுவும் தெரியாது. ஒரு வாப்பா மட்டும் மகளைத் தேடிப் போய் வேறு யாரையோ பார்ப்பார். இதற்குத்தான் சிறு சோதனைகள். இந்த இரண்டு பெயரும் பொருந்த வேண்டும், அந்த இரண்டும் பொருந்தக் கூடாது என்று விடை தெரிந்த கேள்விகளை முதலே எழுதி வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓட்டிப் பார்ப்பது. பிடித்த பிழை ஒவ்வொன்றையும் புதுக் கேள்வியாகச் சேர்த்துவிட்டால், அதே பிழை மறுபடி தலைகாட்டும்போது உடனே அகப்படும்.

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் ‘கிட்’டை எழுதினார். இன்று உலகம் பாவிப்பது அதைத்தான். அதில் ‘பைசெக்ட்’ என்று ஒரு கட்டளை உண்டு. தோட்டத்துக் குழாயில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று எப்படிப் பார்ப்போம்? நடுவில் கழற்றிப் பார்ப்போம். அங்கே வந்தால் அடைப்பு அதற்கு அப்பால், வராவிட்டால் இப்பால். பிறகு அந்தப் பாதியில் மறுபடி நடு. 1,000 மாற்றங்களுக்குள் பிழை புகுந்த ஒன்றைப் பத்துத் தடவையில் பிடித்துவிடலாம். ஆனால் இடாப்பு இருக்க வேண்டும், விடை தெரிந்த கேள்வியும் இருக்க வேண்டும். என்னிடம் அன்று இரண்டும் இருக்கவில்லை.

இப்போது புள்ளிப் பட்டியலில் முதல் மூன்று வரிகளும் கற்பனைப் பிள்ளைகள். அவர்களுடைய கூட்டுத்தொகையைக் கையால் கூட்டி வைத்திருக்கிறேன். அது பிசகினால் மிச்சத்தைப் பார்க்கவே மாட்டேன். உயர்தரத் தகவல் தொழில்நுட்பப் பிள்ளைகள் தங்கள் செயற்றிட்டத்தைக் கிட்டில் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மாற்றத்துக்குப் பக்கத்தில் ‘சும்மா’ என்று குறிப்பு எழுதிய மகனுக்கு அன்று நல்ல ஏச்சு.

அந்தப் பிள்ளையின் அறிக்கையில் 11ஐ ஒற்றைக் கோட்டால் வெட்டி, 3 என்று எழுதி ஒப்பமிட்டேன். வேலை அதோடு முடியவில்லை. கூட்டுத்தொகை சரியானதும் மற்றப் பிள்ளைகளின் இடங்களும் மாறின. அந்த வீடுகளுக்கும் போன் எடுத்து, பிழை என்னுடையது என்று சொல்ல வேண்டியிருந்தது.