கரி டப்பா

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அருப்புக்கோட்டை வீட்டு வாசலில் உட்கார்ந்து என் டூரிங் பைக்கிலிருந்து ஒரு கறுப்பு டப்பாவைக் கழற்றினேன். இரண்டு போல்ட், மூன்று ஹோஸ், அவ்வளவுதான். "அத எடுத்துட்டா வண்டி ஃப்ரீயா மூச்சு விடும், மைலேஜ் கூடும்" என்று நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். டேங்கிலிருந்து வந்த ஹோஸின் வாயில் ஒரு போல்ட்டைத் திணித்து அடைத்தேன். டப்பா பரணுக்குப் போனது.

அந்த டப்பாவின் கதை லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்குகிறது. 1940களில் கண்ணெரிய வைக்கும் ஒரு புகைமூட்டம் அந்த ஊரைப் பிடித்தது. கால்டெக்கில் அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித் 1950களின் தொடக்கத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தார். வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் விடும் ஹைட்ரோகார்பன், வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து ஓசோனாகிறது. ஹைட்ரோகார்பன் சைலன்சரிலிருந்து மட்டும் வருவதில்லை. வெயிலில் சும்மா நிற்கும் வண்டியின் டேங்கிலிருந்தும் ஆவியாகக் கிளம்பும். அந்த ஆவியைப் பிடிக்கும் ஏற்பாடு கலிபோர்னியாவில் 1970 மாடல் கார்களுக்குக் கட்டாயமானது.

அந்த ஏற்பாடு வெறும் கரிதான். பெட்ரோல் ஆவி கரியின் நுண்துளைகளில் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் ஓடும்போது வெளிக்காற்று அதைக் கிளப்பி உள்ளே கொண்டுபோய் எரிக்கும். காற்றில் வீணாகப் போயிருக்கவேண்டிய பெட்ரோல் அது. மைலேஜைக் கெடுக்க அதில் ஒன்றுமில்லை.

இந்தியாவில் பெட்ரோல் வண்டிகளுக்குப் புகை வரம்பு 1991இல் வந்தது. 1996லும் 2000த்திலும் வரம்பு இறுக, டூ-ஸ்ட்ரோக் பைக்குகள் மெல்ல மறைந்தன. 2017 மார்ச் 29 அன்று, ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.3 வண்டிகளை விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்து வந்த பி.எஸ்.4 விதிகளோடுதான் நம் பைக்குகளுக்குக் கரி டப்பா வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6.

இதெல்லாம் நான் பின்னால் படித்தது. அந்த வாரம் திருச்சுழி தாண்டி நரிக்குடி ரோட்டில் வண்டி திணறித் திணறி நின்றுபோனது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ஓரமாக ஒரு கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. காவலுக்கு இருந்த பெரியவர் எழுந்து வந்தார்.

"என்ன தம்பி, எண்ணெ இல்லையா?"

இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திறந்தேன். 'புஸ்'ஸென்று காற்று உள்ளே இழுத்தது. பாதி டேங்க் பெட்ரோல் இருந்தது. ஹோஸை அடைத்த கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"மூட்டத்துக்கே ஓட்ட விட்டுத்தான் மண்ணு பூசணும் தம்பி. ஒரேயடியா அடைச்சா அவிஞ்சுபோகும். கூடுதலா விட்டா சாம்பலாயிரும்."

போல்ட்டைப் பிடுங்கியதும் வண்டி ஓடியது. ஹோஸைத் திறந்தபடியே விட்டேன்.

எங்கள் வீட்டில் பைக் ராத்திரி முன்னறையில்தான் நிற்கும். நாலடி தள்ளி அப்பத்தாவின் கட்டில். அதற்கு மேலே சாமி படங்கள். மறுநாள் சாயந்திரம் கடையிலிருந்து திரும்பினால், அப்பத்தா தீப்பெட்டியும் கையுமாக நிற்கிறாள், விளக்கு இன்னும் ஏற்றவில்லை.

"ஏய்யா, என்னத்தக் கொட்டுன? காலைலருந்து வீடெல்லாம் பெட்ரோல் வாடை. தலை வலிக்குது."

எதையும் கொட்டவில்லை. சித்திரை வெயிலில் டேங்க் பகலெல்லாம் ஆவி விட்டிருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவித் தேங்கும். பென்சீனும் அதில் உண்டு. தீப்பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கும்போது என் கை நடுங்கியது. வண்டியைத் தெருவுக்குத் தள்ளி, கதவையெல்லாம் திறந்துவிட்டேன்.

கம்பெனி வைத்ததைக் கழற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். புகை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. அது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. பிடிக்கமாட்டார்கள் என்ற தைரியம். அப்பத்தாவின் மூக்கு பிடித்துவிட்டது.

பரணிலிருந்து டப்பாவை இறக்கினேன். உள்ளே கரிதான் என்றதும் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. மூன்று பானை அடுக்கித் தண்ணீர் வடித்த காலத்தில் நடுப்பானையில் கரிதானே போட்டோம் என்றாள். டார்ச் அடிக்கச் சொன்னேன். நான் மூன்று ஹோஸையும் மாட்டி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். விளக்கு அன்றைக்கு எட்டு மணிக்குத்தான் ஏற்றினோம்.