மரைன் படைப் பயிற்சியில் குணநல ஆக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மரைன் படையில் புதிதாகச் சேர்வோர்க்கு அளிக்கப்பெறும் 13 வார ஆரம்பப் பயிற்சி, தேகத்தை உரப்படுத்துவதையும் ஆயுதப் பிரயோகத்தைக் கற்பிப்பதையும் போலவே, குணத்தைச் செம்மை செய்வதையும் தன் பிரதான லட்சியமாகக் கொண்டதாகும். மானம், தைரியம், கடமைப்பற்று என்னும் மூன்றும் அப்படையின் மூல தர்மங்கள். பயிற்சி நிலையங்கள் தென் கரோலினாவில் பாரிஸ் தீவிலும், கலிபோர்னியாவில் சான் டியேகோவிலும் உள்ளன.

கடுமை ஒன்றே சீலத்தை வளர்த்துவிடாது என்பதை அப்படை பெரும் துக்கத்தின் வாயிலாக உணர்ந்தது. 1956 ஏப்ரல் 8 இரவு, ஒழுங்கு குன்றியதாகத் தாம் கருதிய பயிற்சி வீரர்களை ஒரு பயிற்றுநர் பாரிஸ் தீவின் ரிப்பன் கிரீக் என்னும் நீரோடைக்குள் இருளில் நடத்திச் சென்றதால், 6 இளைஞர்கள் மூழ்கி மாண்டனர். அதன் பின்னர்ப் பயிற்றுநர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை திருத்தப்பெற்று, அவர்கள்மீது அதிகாரிகளின் மேற்பார்வையும் இறுக்கப்பட்டது.

பயிற்சிக் காலத்தில் ஒருவன் ‘நான்’ என்று சொல்லலாகாது. தண்ணீர் வேண்டுமாயினும் ‘இந்தப் பயிற்சி வீரன்’ என்று தன்னைப் படர்க்கையிற் குறித்தே கேட்க வேண்டும். தன்முனைப்பைத் தளர்த்தித் தோழரோடு இணைப்பதே இவ்வழக்கத்தின் நோக்கம். இத்துடன், பொய், களவு, துணிவு, விசுவாசம் முதலியன குறித்துப் பயிற்றுநர் தம் பிரிவினரைக் கூட்டிவைத்து உரையாடுவதும் உண்டு.

தளபதி சார்லஸ் குருலக் 1996-இல் ஏற்படுத்திய ‘குரூசிபிள்’ என்னும் 54 மணி நேரச் சோதனை இப்பயிற்சியின் சிகரம். மேலதிகாரி அருகில் இல்லாத போர்க்களத்தில் இளம் வீரன் தானே நியாயம் தேர்ந்து செயற்பட நேரும் என்பதை எண்ணியே அவர் இதனை விரும்பினார். குறைந்த உணவோடும் உறக்கத்தோடும் நெடுந்தூரம் சுமை தாங்கி நடக்கும் குழுவினர், வீரர் ஒருவரின் பெயர் தாங்கிய தடைக்கு முன் நின்று அவர் புரிந்த அரும் செயலைக் கேட்டறிந்த பிறகு, எவரும் தனித்துக் கடக்கவியலாத அத்தடையைக் கூடிக் கடக்கின்றனர். முடிவில் கழுகும் பூகோளமும் நங்கூரமும் பொறித்த சின்னம் கையில் வைக்கப்பட, அவர்கள் முதன்முறையாக ‘மரைன்’ என்று அழைக்கப்பெறுகின்றனர். 2017 முதல், இதன் பின் வரும் இறுதி வாரங்களில் பயிற்றுநர் அதட்டலைக் குறைத்து வழிகாட்டியாகப் பழகும் ஏற்பாடும் சேர்ந்துள்ளது.

நற்பண்பு உபதேசத்தால் மட்டும் படிவதன்று. ஒன்றாகப் பட்ட சிரமத்திலும் இடைவிடாத அப்பியாசத்திலும் அது ஊன்றுகிறது. எனினும், அச்சிரமத்தை விதிப்பவர் தாமே தர்ம வரம்புக்கு உட்பட்டு நடந்தாலன்றி, மானத்தைப் பற்றிய அவருடைய போதனை இளைஞர் உள்ளத்தில் வேர்கொள்ளாது.