மலைச் சைக்கிள் பந்தயமும் சக்கர அளவும்

மலைச் சைக்கிள் பந்தயத்துக்கு ஏற்ற சக்கரம் எது என்று 1999 முதல் 2019 வரை, இருபது ஆண்டுகள், வீரர்களும் தயாரிப்பாளர்களும் வாதாடினார்கள். களத்தில் இருந்தவை 26, 27.5, 29 அங்குலம் என்ற மூன்று அளவுகள். இன்று குறுக்கோட்டப் பந்தயங்களில் 29 நிலைத்துவிட்டது. இறக்கப் பந்தயங்களில் முன்னால் 29, பின்னால் 27.5 என்று கலந்து ஓட்டுவதும் வழக்கமாகிவிட்டது.

இந்த அங்குலக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. அது டயரின் வெளிவிட்டத்தைத் தோராயமாகச் சொல்வது. டயரின் விளிம்பு ரிம்மில் எங்கே உட்காருகிறதோ அந்த இடத்தின் விட்டம்தான் மெய்யான அளவு. அது மில்லிமீட்டரில் டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கும். 57-559 என்று இருந்தால் அகலம் 57, விட்டம் 559. மலைச் சைக்கிளின் 26 என்பது 559, 27.5 என்பது 584, 29 என்பது 622.

மும்பை செம்பூரின் திலக் நகரில் சைக்கிள் கடைக்குப் போய் "26 டயர்" என்று மட்டும் கேட்டால் போதாது. எம்டிபி எனப்படும் மலைச் சைக்கிளுக்கா, லேடீஸ் சைக்கிளுக்கா என்று சொல்ல வேண்டும். லேடீஸ் சைக்கிளில் வரும் 26 × 1⅜ டயரின் விட்டம் 590; அது எம்டிபி ரிம்மில் தொளதொளவென்று கிடக்கும். 26 × 1½ என்று இன்னொன்று உண்டு, அதன் விட்டம் 584. பந்தய உலகம் 27.5 என்று புதுப்பெயர் சூட்டிக் கொண்டாடியது இந்தப் பழைய 26-ஐத்தான். பிரான்சில் சுற்றுலா சைக்கிள்காரர்கள் இதையே 650பி என்ற பெயரில் பல பத்தாண்டுகள் ஓட்டிவந்தார்கள். 29-இன் கதையும் அதுதான். சாலைப் பந்தய சைக்கிளின் 700சி ரிம் அளவே அதற்கும். நம் தாத்தாக்கள் பால் கேனும் நெல் மூட்டையும் கட்டி ஓட்டிய கறுப்பு சைக்கிளின் 28 × 1½ சக்கரத்துக்கு விட்டம் 635. "பெரிய சக்கரம்" என்று உலகமே வியந்த 29-இன் ரிம்மைவிட அது 13 மில்லிமீட்டர் பெரியது. மண்பாதையிலும் வண்டித்தடத்திலும் ஓடிய சக்கரம் அது. பெரிய சக்கரம் கரடுமுரடை விழுங்கும் என்பதை நம் ஊர்க்காரர்கள் எந்த ஆய்வும் இல்லாமலே அறிந்திருந்தார்கள் என்பதை இந்த வரலாற்றில் பதிவு செய்தே ஆக வேண்டும்.

அப்படியானால் பந்தயம் 26-இல் தொடங்கியது ஏன்? கையில் கிடைத்தது அதுதான். 1933-இல் அமெரிக்காவின் ஷ்வின் நிறுவனம் சிறுவர்களுக்காகத் தடித்த 26 அங்குலப் பலூன் டயர் சைக்கிளை விற்கத் தொடங்கியது. நாற்பது ஆண்டுகள் கழித்துக் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் சில இளைஞர்கள் அந்தப் பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலைச்சரிவில் கீழ்நோக்கி ஓட்டினார்கள். 1976 அக்டோபரில் தொடங்கிய ரீபேக் பந்தயத்தின் பெயருக்கே ஒரு காரணம் உண்டு. சுமார் 400 மீட்டர் இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர பிரேக் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்துபோகும். ஹப்பைக் கழற்றி மறுபடி கிரீஸ் அடைத்தால்தான், அதாவது 'ரீபேக்' செய்தால்தான், அடுத்த ஓட்டம். சார்லி கெல்லி, கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், டாம் ரிச்சி ஆகியோர் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள். அதே காலத்தில் இங்கிலாந்தின் ஜெஃப் ஆப்ஸ், பின்லாந்தில் பனிக்காலத்துக்காகச் செய்த பெரிய டயர்களைப் போட்டுச் சேற்றுப் பாதைகளில் ஓட்டிப் பார்த்து, சிலவற்றைக் கலிபோர்னியாவுக்கும் அனுப்பினார். அந்த டயர்கள் தடையில்லாமல் கிடைக்கவில்லை, 26 நிலைத்தது. 1990-இல் கொலராடோவின் துராங்கோவில் முதல் உலக சாம்பியன் போட்டி நடந்தபோதும், 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக்கில் சேர்ந்தபோதும் 26 தவிர வேறு பேச்சில்லை.

1999-இல் வில்டர்னஸ் டிரெயில் பைக்ஸ் நிறுவனத்தின் நானோராப்டர் டயர் வந்தது. 622 ரிம்மில் மாட்டக்கூடிய உண்மையான தடித்த மலை டயர்களில் அதுவே முதலாவது. கேரி ஃபிஷர் தம் பெயரிலான சைக்கிள்களில் 29-ஐக் கொண்டுவந்து, பலர் சிரித்தபோதும் விடாப்பிடியாக நின்றார்.

பெரிய சக்கரத்தால் என்ன லாபம் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 80 மில்லிமீட்டர் உயரக் கல் ஒன்று குறுக்கே கிடக்கிறது. 57 மில்லிமீட்டர் டயர் போட்ட 26 சக்கரம் அதன் விளிம்பை ஏறக்குறைய 40.3 பாகைச் சரிவில் முட்டும், 27.5 சக்கரம் 39.6-இல், 29 சக்கரம் 38.5-இல். மொத்த வித்தியாசம் இரண்டு பாகைகூட இல்லை. ஆனால் ஒன்றரை மணி நேரப் பந்தயத்தில் கல்லும் வேரும் ஆயிரக்கணக்கில் வரும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் குறைவாக முட்டி, கொஞ்சம் குறைவாக வேகம் இழந்தால், கடைசிச் சுற்றில் தொடையில் தெம்பு மிச்சமிருக்கும். விலையும் உண்டு. விளிம்பில் எடை கூடுவதால் வளைவிலிருந்து வெளியேறி வேகம் எடுக்க அதிகம் மிதிக்க வேண்டும். ஸ்போக்ஸ் கம்பி நீளமாவதால் சக்கரம் பக்கவாட்டில் நெகிழும். குள்ளமானவர்களுக்குக் கைப்பிடி உயர்ந்துவிடும். சிறிய ஃபிரேமில் திருப்பும்போது முன்சக்கரம் கால் விரலில் இடிக்கும். பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்துப் பழகியவர்களுக்கு, உடலைவிடப் பெரிய சைக்கிள் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

விவாதம் உச்சத்துக்குப் போனது 2012-இல். அந்த மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உலகக் கோப்பையை சுவிட்சர்லாந்தின் நினோ ஷுர்ட்டர் 27.5 சக்கரத்தில் வென்றார். அந்த அளவுக்கு அதுதான் முதல் உலகக் கோப்பை வெற்றி. ஷுர்ட்டரின் உயரம் 173 சென்டிமீட்டர். தன் உடம்புக்கு எது ஒத்துவருகிறதோ அதை ஓட்டினார். ஆகஸ்ட் 12 அன்று லண்டன் ஒலிம்பிக்கின் ஹாட்லி ஃபார்ம் தடத்தில், அவரும் 29-இல் வந்த உயரமான செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவியும் கடைசி வளைவு வரை ஒட்டியே ஓடினார்கள். குல்ஹாவி ஒரே வினாடி வித்தியாசத்தில் தங்கம் எடுத்தார். ஒரு வினாடியை வைத்துச் சக்கரத்தைப் பற்றித் தீர்ப்பு எழுத முடியாது என்பது என் எண்ணம். ஆனால் இரு தரப்பும் அதைத் தங்கள் சான்றாகவே எடுத்துக்கொண்டன.

வியாபாரம் முந்திக்கொண்டது. ஜயன்ட் நிறுவனம் 2014 மாடல்களில் பெருமளவில் 27.5-க்கு மாறியது, மற்றவர்களும் மாறினார்கள். 26-க்கும் 29-க்கும் நட்டநடுவில் நிற்கிறது என்று பெயர் சொன்னாலும், 27.5-இன் ரிம் 26-ஐவிட 25 மில்லிமீட்டர் மட்டுமே பெரியது. 29-க்கு இன்னும் 38 மில்லிமீட்டர் தூரம் இருந்தது. பெயர் வாங்குபவரை ஏமாற்றியது என்று சொல்வதில் தவறில்லை. நல்ல 26 சைக்கிள் வைத்திருந்தவர்கள் தரமான டயருக்கும் ஃபோர்க்குக்கும் அலைய வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் பிறகு, 2016 ரியோவில் ஷுர்ட்டர் தங்கம் வென்றது 29-இல். ஃபோர்க்கின் சாய்வும் ஃபிரேமின் வடிவமும் திருந்தியதால், குள்ளமான வீரருக்கும் பெரிய சக்கரம் இணங்கிவிட்டிருந்தது.

இறக்கப் பந்தயத்தில் 29 நுழைந்தது 2017-இல். அந்த ஆண்டு ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியமில் தென்னாப்பிரிக்காவின் கிரெக் மின்னார் அதில் வென்றார். செங்குத்தான இறக்கத்தில் உடலைப் பின்னால் தள்ளும்போது பெரிய பின்சக்கரம் பிட்டத்தில் உரசுவதாக மற்றவர்கள் குறைபட்டார்கள். பின்சக்கரத்தை மட்டும் சிறிதாக்குவது புதிதல்ல; மோட்டோகிராஸ் பைக்குகளில் முன்னால் 21, பின்னால் 19 என்று வெகுகாலமாகவே இருக்கிறது. யுசிஐ எனப்படும் சர்வதேச சைக்கிள் ஒன்றியம் 2019-இல் இரண்டு அளவுகளைக் கலக்க அனுமதித்தது. அந்த ஏப்ரலிலேயே மாரிபோரில் பிரான்சின் லோயிக் ப்ரூனி கலப்புச் சக்கரத்தில் உலகக் கோப்பைச் சுற்றை வென்றார்.

இந்தியாவில் 2005-இல் இமாச்சலத்தில் எம்டிபி ஹிமாலயா பந்தயம் தொடங்கியது. 2022 செப்டம்பரில் யுசிஐ எலிமினேட்டர் உலகக் கோப்பைச் சுற்று லேயில் நடந்தது. 2023 அக்டோபரில் ஆசிய சாம்பியன் போட்டி, தமிழ்நாட்டு எல்லைக்கு அருகே, திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியில் நடந்தது. இந்தத் தடங்களில் 29 ஓடினாலும், தெருவில் 26 சாகவில்லை. கடை அட்டைகளில் அளவோடு "டி" சேர்த்து 24டி, 26டி, 27.5டி, 29டி என்று எழுதுவது இந்திய வழக்கம். திலக் நகர்க் கட்டட வளாகங்களில் மாடிப்படி ஓரமாகப் பூட்டி நிற்கும் பிள்ளைகளின் எம்டிபிகளில் மலை ஏறியவை அரிது. வாங்கும்போது சக்கரம் பற்றி யாரும் வாதாடுவதில்லை. பிள்ளையைப் பாரின் இரு பக்கமும் கால் போட்டு நிற்க வைத்து, இரண்டு குதிகாலும் தரையில் படிகிறதா என்று கடைக்காரர் குனிந்து பார்க்கிறார். படியாவிட்டால் ஓர் அளவு குறைத்து எடுத்துத் தருகிறார்.