வெள்ளிமலையும் வர்க்கமூலமும்

அப்பாண்டைநாதர் எழுந்தருளியுள்ள திருநறுங்கொண்டை அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை என்றோர் ஊர் உண்டு. அப்பெயரைக் கேட்டவுடன் நம்மவர் நெஞ்சில் வேறொரு வெள்ளிமலையும் தோன்றும். சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தை பிறந்த வித்தியாதரர் உலகின் வெள்ளிமலை அது. ஆகமங்கள் அதனை விஜயார்த்த பர்வதம் என்னும். பெயரொற்றுமை கொண்டு இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது முறையன்று. ஆயினும் அந்த ஆகம வெள்ளிமலையை நம் ஆசாரியர்கள் அளந்த கணக்கு, இன்று பள்ளிப் பிள்ளைகள் அஞ்சும் ஒரு பாடத்தின் வாயிலுக்கே நம்மை இட்டுச் செல்லும்.

ஜம்பூத்வீபத்தின் விட்டம் 1,00,000 யோசனை. அது 190 பங்குகளாகப் பிரிக்கப்படும். பரதக்ஷேத்திரத்துக்கு ஒரு பங்கு. அடுத்தடுத்த மலைகளும் நாடுகளும் 2, 4, 8, 16, 32 என இரட்டித்து, நடுவிலுள்ள விதேகத்தில் 64 ஆகி, பின் அவ்வாறே இறங்கி ஒன்றில் முடியும். ஆகவே பரதத்தின் அகலம் 526 6/19 யோசனை. அதன் நடுவே 50 யோசனை அகலத்தில் வெள்ளிமலை கிடக்கிறது. எஞ்சியதில் பாதி, 238 3/19 யோசனை, தென்பரதம். மலையின் தென்னடிவார நீளம் எவ்வளவு? அது வட்டத்தின் நாண். விட்டத்திலிருந்து அம்பைக் கழித்து, அம்பாலும் நான்காலும் பெருக்கி, வர்க்கமூலம் காண வேண்டும். பத்தொன்பதின் கூறுகளாக மாற்றினால் பெருக்குத்தொகை 3,430 கோடியே 80 லட்சத்து 97,500. அதன் மூலம் 1,85,224, மீதி 1,67,324. நாண் 9,748 12/19 யோசனை, சற்று மிகுதி. இவ்விடையைத் திலோயபண்ணத்தியில் காணலாம். கருவி ஏதுமின்றிப் பெற்ற இவ்வெண்ணை மறுபடி பெருக்கிச் சரிபார்க்க விரும்புவோர் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிக்கொள்க.

மூலம் காண்பதில் இத்தனை பழகியவர்கள் ஒருமுறையோடு நிற்கவில்லை. மூலத்துக்கும் மூலம் கண்டார்கள். முதல் வர்க்கமூலம், இரண்டாம் வர்க்கமூலம், மூன்றாம் வர்க்கமூலம் என அவற்றுக்குப் பெயரும் இட்டார்கள். 256 என்னும் எண்ணுக்கு முதல் மூலம் 16, இரண்டாம் மூலம் 4, மூன்றாம் மூலம் 2. சுவேதாம்பர ஆகமமாகிய அநுயோகத்துவார சூத்திரம் ஒரு தொகையைக் குறிக்கையில், முதல் மூலத்தை இரண்டாம் மூலத்தால் பெருக்குக, அல்லது இரண்டாம் மூலத்தின் கனத்தைக் கொள்க என்கிறது. 16ஐ 4ஆல் பெருக்கினாலும் 64. 4இன் கனமும் 64. இரண்டாம் மூலத்தையும் மூன்றாம் மூலத்தையும் பெருக்கினால் மூன்றாம் மூலத்தின் கனம் என்பதும் அங்கே உண்டு. 4ஐ 2ஆல் பெருக்கினால் 8. 2இன் கனமும் 8.

இதனைப் புரிந்துகொள்ள நம் பாட்டன்மார் திண்ணையில் ஓதிய பின்ன வாய்பாடே போதும். முதல் மூலம் என்பது அரை அடுக்கு. இரண்டாவது கால் அடுக்கு. மூன்றாவது அரைக்கால் அடுக்கு. பெருக்கும்போது அடுக்குகள் கூடும். அரையும் காலும் முக்கால். மூன்று காலும் முக்கால். காலும் அரைக்காலும் மூன்று அரைக்கால். ஒரே தொகை இரு பெயர் பெற்றது ஏன் என்பது இவ்வளவில் விளங்கிவிடும். பாடநூலில் 256இன் மேல் சிறிய எழுத்தில் 3/4 என்று எழுதியிருப்பதும் இதுவே: கீழெண் எந்த மூலம் என்பதைச் சொல்லும், மேலெண் அம்மூலத்தை எத்தனை முறை பெருக்குவது என்பதைச் சொல்லும்.

அந்நூலே மனிதரின் தொகையை, இரண்டின் ஆறாம் வர்க்கத்தை ஐந்தாம் வர்க்கத்தால் பெருக்கியது என்றும், 96 முறை பாதியாக்கத்தக்கது என்றும் கூறும். அது 29 இலக்கம் கொண்ட எண். பாதியாக்கும் இந்த எண்ணிக்கைக்கு அர்த்தச்சேதம் என்று பெயர். கி.பி. 816இல் தவளா உரையை நிறைவுசெய்த வீரசேனாசாரியர் இதனை விரிவாக ஆண்டார். இரு எண்களின் பெருக்குத்தொகைக்கு அர்த்தச்சேதம் அவ்விரண்டின் அர்த்தச்சேதங்களின் கூட்டுத்தொகை என்பது அவர் விதிகளுள் ஒன்று. 64இன் அர்த்தச்சேதம் 6. அதன் மூலமாகிய 8க்கு 3. மூலம் காண்பதென்றால் அர்த்தச்சேதத்தைப் பாதியாக்குவது. ஆனால் 8க்கு மூலம் காணப் புகுந்தால் ஒன்றரை முறை பாதியாக்குக என்றல்லவா வருகிறது! ஒன்றரை முறை என்பதை விரல்விட்டு எண்ண இயலாது. அடுக்கை எண்ணிக்கையாகக் கொள்ளாமல் அளவாகக் கொள்ளும்போதுதான் அதற்குப் பொருள் உண்டாகும்.

ஐரோப்பாவில் 14ஆம் நூற்றாண்டினரான நிக்கோல் ஒரெம் பின்ன அடுக்குகளைக் கையாண்டார். இன்றைய குறியீட்டை 1676இல் நியூட்டன் எழுதிய கடிதத்தில் காண்கிறோம். எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தன என்று மேடையில் முழங்குவோருக்கு ஒரு சொல்: அநுயோகத்துவாரத்தில் குறியீடு இல்லை, அங்குக் காட்டப்பட்டவை அரை, கால், அரைக்கால் என்ற வரிசையில் அடங்குவன. இருப்பது, சொற்களால் சொல்லப்பட்டு எண்களால் பிழையின்றி நிற்கும் ஒரு விதி. அதுவே பெருமைக்குப் போதுமானது. மிகைப்படுத்தினால் உள்ளதையும் உலகம் ஐயுறும்.

தவளாவின் ஓலைச்சுவடிகள் மூடபித்ரியில் பன்னெடுங்காலம் தரிசனத்துக்குரியனவாக இருந்தன, படிப்பதற்குரியனவாக இல்லை. ஹீராலால் ஜெயின் பதிப்பில் 1939இல்தான் முதல் தொகுதி வெளிவந்தது. 1942இல் வந்த நான்காம் தொகுதியில் அவதேஷ் நாராயண் சிங் அதன் கணிதம் பற்றி எழுதிய பிறகே அறிஞர் உலகம் வீரசேனரை ஒரு கணிதராகவும் அறிந்தது. ஸ்ருத பஞ்சமியன்று நாம் மலரிட்டு வணங்கும் ஏட்டுக்குள் இவ்வளவும் இருந்தது.

இன்னொன்றும் அங்கே உண்டு. தரசேனரிடம் பாடங்கேட்ட இருவருள் புஷ்பதந்தர் வனவாச நாட்டுக்கும், பூதபலி தமிழ்த் தேசத்துக்கும் சென்றனர் என்று தவளா உரைக்கிறது. புஷ்பதந்தர் தாம் இயற்றிய தொடக்கச் சூத்திரங்களை ஜினபாலிதர் வழியே பூதபலிக்கு அனுப்பினார். அவற்றைக் கண்ட பூதபலி, புஷ்பதந்தரின் ஆயுள் குறுகியது என உணர்ந்து, எஞ்சிய பகுதியைத் தாமே இயற்றலானார். அவர் தொடங்கிய முதற்பகுதி திரவியப் பிரமாணாநுகமம்: உயிர்களை எண்ணும் அதிகாரம்.